கம்மங்காடும் பட்டிப்பூக்காடும்

(பந்தல்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தானியத்தையும் ஒரு பூவையும் அருகருகே வைத்துப் பேச வந்திருக்கிறேன். தானியம் கம்பு. பூ நித்தியகல்யாணி. நாம் அதைப் பட்டிப்பூ என்போம், சுடுகாட்டு மல்லி என்போம். சென்னையிலும் பெங்களூரிலும் அது அழகுச்செடி. சாலை நடுத்திட்டுகளிலும் பூங்காக்களிலும் மண் தெரியாதபடி தரையை மூடுவதற்காக அதை நெருக்கி நடுகிறார்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஆண்டு முழுக்கப் பூக்கும், தண்ணீர் அதிகம் கேட்காது என்பது தோட்டக்காரர்கள் கண்ட வசதி. அதே செடிதான் விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரிப் புஞ்சையில் உழுது விதைத்து, இலை பறித்து, வேர் தோண்டி, உலர்த்தி, மூட்டை கட்டி விற்கும் வெள்ளாமை. அங்கே பூவுக்காக வளர்க்கிறார்கள். இங்கே பூவை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இந்த இரண்டையும் ஒப்பிட உட்கார்ந்தால் சில பிரிவினைகள் உடனே வந்து நிற்கும். ஒன்று வயிற்றுக்கு, மற்றது கண்ணுக்கு. ஒன்று நம்முடையது, மற்றது வெளியிலிருந்து வந்தது. ஒன்று உணவுப்பயிர், மற்றது பணப்பயிர். இவற்றில் எதை எடுத்துச் சோதித்தாலும் அது நம் புஞ்சையில் நிற்பதில்லை என்பதை முதலில் காட்டிவிட்டு, உண்மையான வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

நம்முடையது, வெளியிலிருந்து வந்தது என்ற பிரிவினையை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், இன்றைய மாலி நாட்டின் டிலெம்சி பள்ளத்தாக்கில், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. பானை வனையும் களிமண்ணில் பதர் கலந்திருக்கிறார்கள். அந்தப் பதர் கம்பின் பதர், அதுவும் காட்டுக் கம்பு அல்ல, மனிதர் விதைத்து வளர்த்த கம்பு என்று தாவரத் தொல்லியலாளர்கள் அடையாளம் கண்டார்கள். அங்கிருந்து சில நூற்றாண்டுகளுக்குள் அது இந்தியா வந்து சேர்ந்துவிட்டது. கடல் கடந்து வந்த தானியம் இங்கே கிட்டத்தட்ட நான்காயிரம் ஆண்டுகள் இருந்து நம்முடையதாயிற்று.

நித்தியகல்யாணியின் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. அதன் பேரினத்தில் எட்டு இனங்கள். ஏழு இனங்கள் மடகாஸ்கரைச் சேர்ந்தவை. எட்டாவது இனம் நம்முடையது, இந்தியாவிலும் இலங்கையிலும் காட்டு மேட்டில் தானாக முளைக்கிற, சின்ன வெள்ளைப் பூப் பூக்கும் களை. தலை குனிந்து பார்த்தால்தான் தெரியும். மடகாஸ்கர் செடியின் விதை 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் அரசத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கிருந்து கிடைத்த விதையை லண்டன் செல்சியில் இருந்த மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லர் 1757இல் வளர்த்தார். இரண்டே ஆண்டில், 1759இல், லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அழகுக்காகவே தோட்டம் தோட்டமாகக் கைமாறி, கப்பல்களில் ஏறி, வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. நம் ஊரில் கோவில் நந்தவனத்திலும் கல்லறை ஓரத்திலும் அது இடம்பிடித்துக்கொண்டது.

ஆகவே ஒன்று பழைய விருந்தாளி, இன்னொன்று புதிய விருந்தாளி. வித்தியாசம் காலத்தில்தான். ஆனால் அந்தக் காலம் சும்மா போகவில்லை. கம்பைச் சுற்றி ஒரு வீடே கட்டப்பட்டிருக்கிறது. கதிரைச் சேர்த்துவைக்கக் குலுக்கை. தட்டையை அடுக்கப் படப்பு. குத்த உரல், புடைக்கச் சுளகு. பால் பிடித்த கதிரை நெருப்பில் வாட்டி உள்ளங்கையில் கசக்கி ஊதித் தின்னும் பிள்ளைகள். இரவில் ஆக்கி, உருட்டித் தண்ணீரில் போட்டு, காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கும் கம்மங்கூழ். தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்த ஏற்பாடு இவ்வளவும். பட்டிப்பூவைச் சுற்றி இப்படி எதுவும் இல்லை. ஒரு சாக்கும் ஒரு தராசும்தான் இருக்கின்றன.

அடுத்த பிரிவினைக்குப் போகுமுன், இரண்டும் வறட்சியைத் தாங்கும் விதம். இந்த ஊரின் நிலத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரிசல், அடியில் சுண்ணாம்பு. பந்தல்குடியின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் எல்லோரும் அறிந்தது. ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். கரிசல் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும், பிறகு வெடிப்பு விட்டுக் காயும். இந்த மண்ணில் பிழைக்கிற செடிக்கு ஒரு உபாயம் வேண்டும்.

கம்பின் உபாயம் அவசரம். எண்பது தொண்ணூறு நாளில் விதையிலிருந்து விதைக்குப் போய்விடும். வெயிலும் சூடும் கூடக்கூடத் திறமையாக மாவுச்சத்துச் செய்யும் வகை ஒளிச்சேர்க்கை அதனுடையது. நெல்லுக்கும் கோதுமைக்கும் அது கிடையாது. 42 பாகை செல்சியஸ் சூட்டிலும் மணி பிடிக்கும். தாய்த்தண்டு பூக்கும் வேளையில் மழை தப்பினால், பக்கத் தூர்கள் பின்னால் வரிசையாகப் பூக்கக் காத்திருக்கும். ஒரு தூர் போனாலும் மற்றொன்று மணி தரும். கதிரில் சூல்முடி முதலில் வெளிவரும், மகரந்தம் சில நாள் கழித்தே உதிரும். அதனால் காற்றில் வரும் பிற கதிரின் மகரந்தமே பெரும்பாலும் சேரும். உங்கள் காட்டு விதையில் பக்கத்துக் காட்டுக்காரரின் கம்பும் கலந்திருக்கிறது என்பது தாவரவியல் உண்மை. ஊருக்கு ஊர் விதை கொஞ்சம் வேறுபட்டிருந்ததும், ஒரே நோய்க்கு எல்லாம் ஒரேயடியாக விழாமல் இருந்ததும் இதனால்தான்.

பட்டிப்பூவின் உபாயம் பொறுமை. தடித்த, மெழுகு பூசிய இலை. மழை இல்லாதபோது வளர்ச்சியை நிறுத்திவைத்து, ஒரு தூறல் விழுந்ததும் மறுபடி துளிர்க்கும். ஓராண்டு முழுக்க நிலத்தில் நிற்கும். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, பன்னிரண்டாம் மாதம் தண்டை அறுத்துவிட்டு, உழுது வேரைப் பொறுக்குவது முறை. அதற்கு இன்னொரு பலம் உண்டு: கசப்பு. ஆடு வாய் வைக்காது. மாடு முகர்ந்துவிட்டு நகரும். மேய்ச்சல் மிகுந்த நாட்டில் வேலி கேட்காத வெள்ளாமை கிடைப்பது சின்ன விஷயமில்லை.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கம்பை விட்டவர்களிடம் காரணம் கேட்டால், சோறு பிடிக்காமல் விட்டதாகச் சொல்பவர் குறைவு. காவல் காக்க ஆளில்லை என்கிறார்கள். மணி முற்றும் நேரத்தில் குருவிக்கூட்டம் இறங்கும். மயில் வரும். ராத்திரி காட்டுப்பன்றி வந்து புரட்டிப்போடும். முன்பு பரண் கட்டி, கவண் எறிந்து, தகரம் தட்டி விரட்ட வீட்டில் ஆள் இருந்தார்கள். இப்போது பிள்ளைகள் பள்ளியில், பெரிய பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில். ஊரில் நாலு பேர் கம்பு போட்டால் குருவி நாலு காட்டுக்கும் பகிர்ந்து போகும். ஒருவர் மட்டும் போட்டால் மொத்தக் கூட்டமும் அவர் காட்டில்தான். அதனால் விடுகிறவர் ஒவ்வொருவரும் மிச்சமிருப்பவரின் பாரத்தைக் கூட்டிவிட்டுப் போகிறார். கம்பு குறைந்த கதை பெருமளவுக்கு இதுதான். அதைச் சோம்பேறித்தனம் என்றோ, நாகரிக மோகம் என்றோ மேடையில் பேசுவது சம்சாரிக்கு, இந்த நிலத்து விவசாயிக்கு, செய்யும் அநியாயம்.

கம்பு விட்ட இடத்தில் பெரும்பாலும் மக்காச்சோளம் வந்தது. 2018இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து, அதே பருவத்தில் நம் மாவட்டத்து மக்காச்சோளக் காடுகளைச் சல்லடையாக்கியது. வேறு சிலர் பட்டிப்பூவுக்குப் போனார்கள். எதுவும் போடாமல் விட்ட நிலத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் பட்டிப்பூ முதலில் போட்டியிடுவது சீமைக்கருவேலத்தோடு. அந்த அளவில் அதை நான் மனதார வரவேற்கிறேன்.

இனி கண்ணுக்கும் வயிற்றுக்கும் உள்ள பிரிவினை. அழகுக்காக இருநூறு ஆண்டு வளர்த்த ஒரு பூச்செடி குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருந்தான வரலாறு இது. மாணவர்கள் நிறையப் பேர் வந்திருப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஜமைக்கா தீவில் மக்கள் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடித்துவந்தார்கள். 1952இல் அங்கிருந்து ஒரு உறையில் இருபத்தைந்து இலைகள் கனடாவுக்கு வந்தன. டாக்டர் கிளார்க் நோபிளுக்கு வந்த அந்த உறையை அவர் தம் சகோதரர், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழக ஆய்வாளர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் நோபிள் சாறெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்தன. தேடியது கிடைக்காதபோது ஆய்வை மூடிவிடுவது எளிது. அவர் மூடவில்லை. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள், வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு மருந்தாகுமா என்று யோசித்தார். 1954இல் வேதியியலாளர் சார்ல்ஸ் பீர் அவரோடு சேர்ந்தார். 1958இல் அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவில் ஈலை லில்லி மருந்து நிறுவனத்தில் கார்டன் ஸ்வோபோடாவின் குழுவும் இதே செடியில் உழைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்களால் ஒரு கதிர்க்கோல் அமைப்பு உருவாகி, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும். இந்த மருந்துகள் அந்தக் குழல்களின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குழலைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. வேகமாகப் பிரியும் புற்றுச்செல் பாதியில் நின்று மடிகிறது. குழந்தைகளுக்கு வரும் தீவிர இரத்தப் புற்றுநோய்க்கு 1960க்கு முன் கிட்டத்தட்ட மரணம் மட்டுமே முடிவாக இருந்தது. வின்கிரிஸ்டினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, வசதியுள்ள நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளில் ஒன்பது பிழைக்கின்றன. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் வி. சாந்தா காலத்தில், 1980களில் இந்தக் கூட்டுச் சிகிச்சையை நம் நாட்டு நிலைமைக்கேற்ற முறையில் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். மும்பை டாட்டா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் அதில் கூட்டாளிகள். இப்போது வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோவுக்கு மேல் உலர்ந்த இலை வேண்டும் என்பது ஆய்வாளர்கள் தரும் அளவு. வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ. உடல்பரப்பு ஒரு சதுர மீட்டர் உள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை போடும் வின்கிரிஸ்டின் ஒன்றரை மில்லிகிராம். அப்படியானால் ஒரு ஊசிக்கு மூன்று கிலோ உலர்ந்த இலை. கரிசல் வெயிலில் பெண்கள் குனிந்து பறித்துக் களத்தில் காயவைக்கும் இலையின் கனம் அவ்வளவு.

ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது? வின்பிளாஸ்டின் இரண்டு பகுதிகள் சேர்ந்த மூலக்கூறு. ஒரு பகுதிக்கு விண்டோலின் என்று பெயர், இன்னொன்றுக்கு கேத்தரந்தின். செடி கேத்தரந்தினை இலையின் மேல்மெழுகுக்கு வெளியேற்றிவிடுகிறது. விண்டோலினை இலையின் உட்செல்களில் வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே இலையில், ஆனால் சந்திப்பதில்லை. 2010இல் கனடா ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். பூச்சி கடித்து இலை நசுங்கும்போதுதான் இரண்டும் கலக்க வழி உண்டு. தன்னையே கொல்லக்கூடிய நஞ்சைத் தன்னிடமிருந்து பிரித்துவைக்கும் இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. மருந்துத் தொழிற்சாலைகள் இரண்டையும் இலையிலிருந்து தனித்தனியே எடுத்து, அங்கே சேர்த்துக்கொள்கின்றன. வேரில் இருப்பது வேறு சரக்கு. அஜ்மாலிசின் என்ற அது இரத்த ஓட்டம் சார்ந்த மருந்துகளுக்குப் போகிறது.

இந்த இடத்தில் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்கு நல்லது என்று பட்டிப்பூவின் பூவையோ இலையையோ மெல்லுவதும் கஷாயம் போடுவதும் நம் ஊர்களில் இருக்கிறது. செல் பிரிவதை நிறுத்தும் பொருள் அதில் இருக்கிறது. மருத்துவர் எடை பார்த்து, இரத்தம் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் கொடுக்கும் பொருளை நாம் கைப்பிடிக் கணக்கில் குடிக்கக் கூடாது. நரம்பைப் பாதிக்கும். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

உணவுப்பயிர், பணப்பயிர் என்ற கடைசிப் பிரிவினையும் முழுசாக நிற்காது. கம்பும் சந்தைக்குப் போகும் பயிர்தான். ஆனால் இந்த இடத்தைச் சுற்றித்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது.

அறுவடை முடிந்த அன்று கம்புச் சம்சாரியின் கையில் எத்தனை வழிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஆக்கித் தின்னலாம். குலுக்கையில் போட்டு மழை தப்பும் வருஷத்துக்கு வைக்கலாம். விலை ஏறும்வரை காத்து விற்கலாம். நாட்டு ரகமானால் நல்ல கதிரைத் தேர்ந்து விதைக்கு எடுக்கலாம். தட்டையை மாட்டுக்குப் போட்டுப் பாலாக்கலாம். கம்பு வைத்திருப்பவரிடம் வியாபாரி வந்து பேரம் பேசும்போது, "வேண்டாம், போங்கள்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. பட்டிப்பூச் சம்சாரியிடம் இருப்பது ஒரே வழி. விற்க வேண்டும். அந்த இலையை அவர் தின்ன முடியாது, அவர் ஆடு தின்னாது. அடுத்த வருஷம்வரை வைத்திருந்தால் பூசணம் பிடித்துச் சத்தும் குறையும். அதில் எவ்வளவு மருந்துச் சத்து இருக்கிறது என்று பார்க்க அவரிடம் கருவி இல்லை. வாங்குகிறவரிடம் இருக்கிறது. யார் வாங்குகிறார், எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே என்ன விலை என்பதும் அவருக்குத் தெரியாது. கம்புக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2023–24க்குக் குவிண்டால் 2,500 ரூபாய் என்று அறிவித்தது. நம் களத்துக்கு வந்து அந்த விலையில் அளந்துகொள்ள யாரும் வராவிட்டாலும், பேரத்துக்கு ஓர் எண்ணாவது இருக்கிறது. பட்டிப்பூவுக்கு அதுவும் இல்லை.

விற்கும் வழி ஒன்றையே நம்பி நிற்பது இந்தச் சீமைக்குப் புதிய அனுபவம் இல்லை. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கி, லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வராமல் போனபோது, திருநெல்வேலிப் பருத்தி என்று பெயர்பெற்ற நம் கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. 1865இல் போர் முடிந்து அமெரிக்கப் பஞ்சு திரும்பி வந்ததும் விலை இறங்கியது. அடுத்த பத்தாண்டு முடிந்த கொஞ்ச காலத்தில் தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்துக்குக் காரணம் பருத்தி மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மழை பொய்த்தது, தானியம் ரயிலேறி வெளியே போனது, அரசாங்கம் கைவிட்டது. ஆனாலும் களஞ்சியத்தில் தானியம் வைத்திருந்த வீட்டுக்கும் கையில் காசு மட்டும் வைத்திருந்த வீட்டுக்கும் வித்தியாசம் என்ன என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

இன்றைய சந்தையில் ஆபத்து வேறு உருவத்தில் வரலாம். 2022இல் டென்மார்க்கில் ஜே கீஸ்லிங்கின் குழு, சாதாரண ஈஸ்ட் நுண்ணுயிருக்குள் செடிகளின் 34 மரபணுக்களை நுழைத்து, விண்டோலினையும் கேத்தரந்தினையும் தொட்டியிலேயே செய்துகாட்டியது. இலை இல்லாமல் மருந்து. நோயாளிக் குழந்தைகளுக்கு அது நல்ல செய்தி. மருந்துத் தட்டுப்பாடு வந்து உலகெங்கும் பெற்றோர் தவித்த ஆண்டுகளுக்குப் பின் வந்த செய்தி. அதை நாம் வாழ்த்த வேண்டும். நம் சம்சாரிக்கு அது என்ன செய்யும் என்பதற்கு முன்மாதிரி ஒன்று இருக்கிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினையும் இதே கீஸ்லிங்கின் வழியில் ஈஸ்ட்டில் செய்து, 2013 முதல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் பெருமளவில் தயாரித்தது. அதே சமயத்தில் சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்தச் செடியை ஏராளமாகப் போட்டிருந்தார்கள். விலை சரிந்தது. இலையிலிருந்து எடுப்பது மலிவாகிவிட, 2015இல் சனோஃபி தயாரிப்பை நிறுத்திவைத்து, பிறகு ஆலையையே விற்றுவிட்டது. செடி ஒழியவில்லை, தொழிற்சாலைதான் தோற்றது. ஆனால் அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தது யார்? இலை விலை விழுந்ததைத் தோளில் தாங்கியவர்கள் சம்சாரிகள்.

கம்பின் பக்கமும் ஒரு எச்சரிக்கைக் கதை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கம்பைப் புகழ எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுத் தாய் வரிசையைக் கொண்டு, 1965இல் லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் குழு எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக் கம்பை வெளியிட்டது. விளைச்சல் எகிறியது. அடுத்தடுத்து வந்த ஒட்டுக்களுக்கும் அதே தாய். 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது ஒரே தாயின் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து விழுந்தன. கதிர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலைக்கொத்து நின்றது. பிறகு ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், கோவை வேளாண் பல்கலைக்கழகமும், மற்ற நிலையங்களும் எதிர்ப்புத்திறனைத் திரும்பக் கொண்டுவர உழைத்தன. காற்றில் கலந்து ஊருக்கு ஊர் மாறிக்கிடந்த பழைய கம்பின் பலம் அப்போதுதான் புரிந்தது. விதை ஒரே இடத்திலிருந்து வந்தாலும் சரி, வாங்குகிறவர் ஒரே ஆளாக இருந்தாலும் சரி, வருகிற சேதம் ஒரே மாதிரிதான் வருகிறது.

சத்தைப் பற்றி ஒரு வரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் கம்பில் இரும்பு சுமார் 6.4 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் 0.65. பத்து மடங்கு. இரத்தசோகையுள்ள தாய்மார் நிறைந்த மாவட்டத்தில் இந்த எண்ணை அங்கன்வாடிச் சுவரில் எழுதலாம். ஆனால் கம்பு மாவு சில நாளில் கசந்துவிடும். அதன் எண்ணெய்ச்சத்துக் காறிப்போவதே காரணம். அரைத்து வைத்துக் கடையில் விற்க முடியாததால்தான் அது நகரத்துக்கு ஏறவில்லை. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. கொண்டாடியபோது கேழ்வரகு பிஸ்கட்டும் தினை லட்டும் வந்த அளவுக்குக் கம்பு வராததில் இதற்கும் பங்கு உண்டு. ஊரிலேயே வாரத்துக்கு வாரம் அரைத்து, ஊரிலேயே ஆக்கிப் போடுவதுதான் இந்தத் தானியத்துக்குப் பொருத்தம். பள்ளிச் சத்துணவுக்கூடம் பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது.

சரி, சம்சாரி என்ன செய்வது? கம்புதான் தர்மம், பட்டிப்பூ பாவம் என்று பேச நான் வரவில்லை. மூன்று கிலோ இலைக்கு ஒரு குழந்தையின் ஊசி என்று கணக்குச் சொல்லிவிட்டு அப்படிப் பேசவும் முடியாது. எனக்குப் படுவது இது. கல்லும் சுண்ணாம்புமாகக் கிடக்கும் மேட்டுத் துண்டு, பன்றி இறங்கும் ஓடைக்கரை, ஆடு மேயும் வண்டிப்பாதை ஓரம் ஆகியவை பட்டிப்பூவுக்குப் போகட்டும். கம்பு நிற்க முடியாத இடத்தில் அது நிற்கும். ஆழமான கரிசல், ஈரம் தங்கும் பள்ளப் புஞ்சை கம்புக்கும் குதிரைவாலிக்கும் இருக்கட்டும், ஊடே பாசியோ துவரையோ போட்டு. வீட்டுக்கு ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வேண்டிய நிலத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பட்டிப்பூவின் பரப்பை முடிவு செய்யுங்கள். வியாபாரி சொல்லும் விலையைப் பார்த்து அந்த வரிசையைத் திருப்பிப் போடாதீர்கள். கம்பு போடுவதானால் தனியாள் போடாதீர்கள். பக்கத்துப் பக்கத்துக் காடுகளில் ஒரே வாரத்தில் விதைத்தால் குருவிச் சேதம் பங்காகும், காவலும் பங்காகும்.

பொது நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பிலும் பருத்தியிலும் காட்டிய அக்கறையைப் பட்டிப்பூவுக்கும் காட்டச் சொல்வோம். லக்னோவில் மத்திய மருந்துத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றை நம் கரிசலில் போட்டுப் பார்த்து எது தாங்குகிறது என்று சொல்லட்டும். இலையிலும் வேரிலும் சத்து எவ்வளவு என்று சம்சாரியின் சாக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் ஆய்வகம் ஒன்று அருப்புக்கோட்டையில் வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால், எடைக்கு விற்கிற சரக்கு தரத்துக்கு விற்கிற சரக்காகும். காட்டுப்பன்றிச் சேதத்துக்கு இழப்பீட்டை அறுவடைக்கு முன்பே மதிப்பிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அது கம்புக்குச் செய்யும் மிகப் பெரிய ஆதரவாக இருக்கும், எந்தச் சிறுதானிய விழாவையும்விட.

வருகிற புரட்டாசியில் புழுதி விதைப்புத் தொடங்கும். அதற்குள் பட்டிப்பூ போட நினைப்பவர்கள் ஊருக்கு ஐந்து பேராகவாவது சேர்ந்து, வாங்குகிறவரிடம் இலைக்கு என்ன விலை, வேருக்கு என்ன விலை, ஈரப்பதம் எவ்வளவுக்கு மேல் போனால் எவ்வளவு கழிப்பார்கள், பணம் எத்தனை நாளில் வரும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவருக்காக ஒரு சால்கூட உழ வேண்டாம். நாட்டுக் கம்பு விதை வைத்திருப்பவர்கள் யார் யார் என்று இன்று இந்த மண்டபத்திலேயே ஒரு பட்டியல் எடுத்துவிடலாம். தாளும் பேனாவும் வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். கேள்விகள் இருந்தால் இருந்து பேசுவோம்.